காலு தெரியணும்

குருபரப்பள்ளி பாய் அளவுக்குக் காரைக் கண்டு பயந்த இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவர் தொழிலே கார் ரிப்பேர்தான். சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி போகிற ரோட்டோரம், ஒரு கிணற்றை ஒட்டி, நாலு கல்தூண் நட்டுத் தகரம் போட்ட ஷெட். அதற்குப் பின்னால் வீடு. ஐம்பதுகளில் பெங்களூர் ரோட்டில் ஏதாவது ஒரு வண்டி முனகினால், "பாய் கிட்ட காட்டிட்டுப் போ" என்பார்கள். அவருக்குப் பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் அப்போது பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் ஒருவரிடம் டிரைவர். கல்யாணமாகி, வீட்டில் கைக்குழந்தை. சுற்று வட்டாரத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் நடையிலேயே ஒரு திமிர் இருக்கும். முதல் தடவை வண்டியை பாயிடம் கொண்டுபோன அன்றே அந்தத் திமிர் தரையில் உட்கார்ந்தது.

"சாவி," என்று கையை நீட்டினார். கொடுத்தேன். அதைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"செருப்பைக் கழட்டு."

"எதுக்கு பாய்?"

"கழட்டு தம்பி. இப்பிடித் தரையில உக்காரு. ரெண்டு காலையும் வண்டிப் பக்கம் நீட்டு. அடியில படுத்தா உன் காலு எனக்குத் தெரியணும்."

வெள்ளை வேட்டியோடு எண்ணெய்த் தரையில் உட்கார்ந்தேன். அவர் குனிந்து என் கால்களை ஒரு தடவை பார்த்துவிட்டு விளக்கம் சொன்னார். வண்டிக்கு அடியில் போய்விட்டால் அவருக்குத் தெரிவதெல்லாம் தரையும் ஆட்களின் காலும்தான். டிரைவர் கால் வெளியே தெரிந்தால் டிரைவர் சீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். அவர் பார்க்க முடியாததை எல்லாம் டிரைவர்தான் பார்க்க வேண்டும்.

"ஏதாவது சரியில்லைன்னு பட்டா கத்தாதே. கத்துனா நான் பயந்து தலையத் தூக்கி இரும்புல இடிச்சுக்குவேன். காலை மட்டும் இழுத்துக்க. காலு காணோம்னா நான் வெளிய வந்துருவேன்."

கன்னடக்காரன் வந்தால் "கூத்கோ", தெலுங்குக்காரன் வந்தால் "கூர்ச்சோ", நமக்கு "உக்காரு". மூன்று பாஷையிலும் அவர் சொல்லித் தப்பியவன் கிடையாது. சில டிரைவர்கள் செருப்பை மட்டும் வண்டியோரம் ஜோடியாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்ப் பார்த்தார்கள். அதில் பேர்போனவன் லாரி டிரைவர் திம்மராயன். பாய் வெளியே வந்து அந்தச் செருப்பைக் கிணற்றில் போட்டார். அதிலிருந்துதான் செருப்பைக் கழற்றச் சொல்லும் வழக்கம்.

காலைப் பார்த்துவிட்டால் உடனே படுத்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். முன்சக்கரங்களுக்கு முன்னால் கருவேல மரத்தில் செதுக்கிய இரண்டு முட்டுக்கட்டைகளைச் சுத்தியலால் அடித்து இறுக்குவார். ஷெட்டின் தரை ரோட்டைப் பார்த்துக் கொஞ்சம் சரிவு. ஜாக்கி போட்டுத் தூக்கியதும், சட்டத்துக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு இரண்டு புளியங்கட்டைகளை நிறுத்தி, வண்டியை அவற்றின் மேல் இறக்குவார். ஜாக்கியை மட்டும் நம்பி அவர் படுத்ததே இல்லை. பிறகு தோளைக் கொடுத்து வண்டியை ஆட்டுவார். மூன்று சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் ஆட்டுவார். கடைசியில் பிஸ்மில்லா சொல்லி, ஓர் எனாமல் தட்டை முதலில் உள்ளே தள்ளிவிட்டு, அதன் பின்னாலேயே ஊர்ந்து போவார். கழற்றுகிற ஒவ்வொரு நட்டும் அந்தத் தட்டில் விழும். டிங் என்று சத்தம் வரும். எத்தனை நட்டு கழன்றிருக்கிறது என்று வெளியே இருப்பவனுக்கும் தெரிந்துவிடும்.

அந்தப் புளியங்கட்டைகளுக்கும் முட்டுக்கட்டைகளுக்கும் நாங்கள் வைத்த பேர் 'பாயோட சாமிங்க'. கல்யாணத்தன்று மாமனார் வீட்டுக் கதவுக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டுத்தான் அவர் பாயில் உட்கார்ந்தார் என்று திம்மராயன் ஒரு கதை கட்டி ரோடு பூராவும் பரப்பியிருந்தான். அவர் மனைவியோ அதற்கும் மேலே போனார். வாசலில் நின்று ஒருநாள் என்னிடம் சொன்னார்: "கட்டில்ல படுக்கறதுக்கு முன்னாடியும் ஒரு வாட்டி ஆட்டிப் பாத்துட்டுத்தான் தம்பி படுப்பாரு. இருவது வருசமா அதே கட்டிலு."

ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டுமானால் சாக்கை நாலாக மடித்து மேலே போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டுவார். வண்டியைக் கிளப்ப முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்கச் சொல்லி உயிரை வாங்குவார். என்ஜின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் போய்விடுமாம். பெட்ரோல் குழாயில் கை வைத்திருக்கும்போது ரோட்டில் எவனாவது பீடியோடு நடந்து போனால்கூட வேலையை நிறுத்திவிட்டு, அவன் புளியமரம் தாண்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்குச் சிரிப்பாக வரும். இவ்வளவு பயந்தவர் மளிகைக் கடை வைத்திருக்கலாமே என்று தோன்றும்.

சிரிப்பு நின்றது ஒரு கல்லால்.

சூளகிரிப் பக்கம் வண்டியின் புகைக்குழாய் கழன்று தொங்கியது. எங்கள் பக்கம் கல்லுக்கா பஞ்சம், கையை நீட்டினால் கருங்கல். ஜாக்கி போட்டுத் தூக்கி, நல்ல கனமான கல்லாகப் பார்த்து அண்டக் கொடுத்து, ஜாக்கியை எடுத்துவிட்டு, அடியில் படுத்துக் கம்பியால் குழாயைக் கட்டினேன். வெளியே வந்து பீடி பற்றவைக்கிறேன், தீக்குச்சி இன்னும் கையில் இருக்கிறது, கல் இரண்டாகப் பிளந்து வண்டி தரையில் உட்கார்ந்துவிட்டது. முன்கூட்டி ஒரு சத்தமும் இல்லை.

அதைப் பெரிய வீரக்கதை போல பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். நடந்தது எனக்கு, பயந்தது அவர்.

"கல்லு சொல்லாம உடைஞ்சுரும் தம்பி. மரம் அப்பிடி இல்ல. நார் நாராக் கிழியும், முனகும். நீ எந்திரிச்சு ஓடறதுக்கு நேரம் குடுக்கும். இனிமே கல்லு வைக்க மாட்டேன்னு சொல்லு."

"வைக்க மாட்டேன் பாய்."

"உன் குழந்தை மேல கையடிச்சுச் சொல்லு."

குழந்தை அங்கே இல்லையே என்று கேட்கத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. அவர் நீட்டிய கையிலேயே அடித்துச் சொன்னேன்.

இத்தனை பயத்துக்கு ஏதாவது காரணம் இருக்க வேண்டும் என்பது எங்கள் முடிவு. பெங்களூரில் கூடப்பிறந்தவர் ஒருவர் வண்டிக்கு அடியில் செத்தார் என்று ஒருவன் சொல்வான். தன் கையாலேயே ஒருவனைக் கொன்றுவிட்டு இங்கே வந்து ஒளிந்திருக்கிறார் என்பது திம்மராயன் கட்சி. ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"பாய், உங்களுக்கு முன்னாடி ஏதாவது ஆயிருக்குதா? இந்த மாதிரி வண்டி விழுந்து?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "ஒண்ணும் ஆவலையே," என்றார். "ஆயிருந்தா நான் எங்க இருப்பேன்? ஆவாம இருக்கத்தானே பயப்படறேன்."

அந்தப் பதில் எனக்கு அப்போது சப்பென்று இருந்தது. பின்னால் அதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு கெடுதலும் காணாமல் பயந்துகொண்டிருந்த மனிதருக்கு அந்தக் கெடுதலைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான்.

ஆயுத பூஜைக்கு எல்லா டிரைவர்களும் பாய் ஷெட்டில்தான் கூடுவோம். அவருடைய சாமான்களை நாங்களே கழுவி, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, பலகையில் வரிசையாக அடுக்கிப் பூஜை போடுவோம். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். பொரி கடலைப் பொட்டலம் மட்டும் அவர் கையால்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம். வரிசையில் முதல் இடம் ஜாக்கிக்கும் இல்லை, சுத்தியலுக்கும் இல்லை, கட்டைகளுக்குத்தான். கிண்டலாக ஆரம்பித்தது. நாளாவட்டத்தில் கட்டைக்குப் பொட்டு வைக்காமல் பூஜை தொடங்கினால் மனசு ஒப்பாது என்ற அளவுக்கு வந்துவிட்டது.

அந்த வருஷம் பூஜைக்கு முந்தின நாள், எங்கள் பண்ணைக்காரர் வண்டிக்குப் பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்திருந்தது. காலையிலேயே பாய் பின்சக்கரம் இரண்டையும் கழற்றி, வண்டியின் பின்பாதியைப் புளியங்கட்டைகள் மேல் நிறுத்தியிருந்தார். மற்ற ஏற்பாடுகளை முடித்துவிட்டு மதியத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனார். நானும் திம்மராயனும் கிணற்றடியில் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

"கட்டை இல்லியே," என்றான் திம்மராயன்.

"வண்டிக்கு அடியில இருக்குது. எப்பிடி எடுக்கறது?"

"அதை வுடு. முன்னாடி முட்டுக்கட்டை ரெண்டையாவது எடுத்து மஞ்சத் தடவுவோம். காஞ்சதும் வெச்சுர்லாம்."

நான்தான் போய் எடுத்தேன். சுத்தியலால் தட்டித் தட்டி இரண்டையும் உருவினேன். வண்டி அசையவில்லை. "பாத்தியா, நவுரவே இல்ல. பாய் சும்மாதான் பயப்படறாரு," என்றான் திம்மராயன். கை பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும், அந்தச் சக்கரங்களோ சுவரில் சாய்ந்து நிற்கின்றன என்பது டிரைவரான எனக்குத் தோன்றவில்லை. முட்டுக்கட்டைகளைக் கழுவி, மஞ்சள் பூசி, ஆளுக்கொரு குங்குமப் பொட்டு வைத்து, பலகையில் முதல் இடத்தில் காயவைத்தோம். திம்மராயன் பூ வாங்கப் போனான்.

பாயும் பண்ணைக்காரரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். பண்ணைக்காரருக்கு மாப்பிள்ளை வருகிற நாள். சாயங்கால ரயிலுக்குச் சாமல்பட்டி ஸ்டேஷனில் கார் நிற்க வேண்டும். நல்ல மனிதர்தான், ஆனால் கோபம் வந்தால் முன்பின் பார்க்க மாட்டார். எனக்கு முன்னால் இருந்த டிரைவரை ராயக்கோட்டை ரோட்டில் நடுவழியில் இறக்கி வீட்டுக்கு அனுப்பியவர்.

பாய் வழக்கம்போலத் தோள் கொடுக்கப் போனார்.

"என்னா பாய், காலைல இருந்து இந்த வண்டியச் சுத்திச் சுத்திக் கும்பிடறியாமே. நாளைக்குத்தான்யா பூஜை," என்றார் பண்ணைக்காரர். "ஆம்பளையா லட்சணமாப் படுத்து வேலையப் பாரு. ரயிலு உனக்காக நிக்குமா?"

ரோட்டில் போன இரண்டு பேர் நின்று சிரித்தார்கள். பாயின் முகம் சுருங்கிவிட்டது. பயந்தாங்கொள்ளி என்று அவர் முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. அவர் வண்டியை ஆட்டாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் இருக்குதா தம்பி?"

நான் குனிந்து பார்த்தேன். புளியங்கட்டை இரண்டும் இருந்தன. "இருக்குது பாய்," என்றேன். அது பொய் இல்லை. முட்டுக்கட்டை நினைப்பே எனக்கு வரவில்லை.

ஒரு சுற்றுக்கூட வராமல் பாய் தட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நான் அவரைத் தெரிந்த நாளிலிருந்து அப்படிப் போனது அது ஒரு தடவைதான். நான் வெறுங்காலோடு உட்கார்ந்து கால்களை நீட்டினேன். பண்ணைக்காரர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சும்மா இருக்கிற என் கண் கிணற்றுப் பக்கம் போனது. பலகையில், முதல் இடத்தில், மஞ்சள் பூசிய முட்டுக்கட்டைகள் இரண்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

முன்சக்கரத்தைப் பார்த்தேன். அதற்கு முன்னால் ஒரு கூழாங்கல் கிடந்தது, புளியங்கொட்டை அளவுதான். அந்த வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தது அது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

காலை இழுத்தால் பாய் வெளியே வந்துவிடுவார். வந்தால் என்ன ஏது என்று கேட்பார். பண்ணைக்காரர் முன்னால் நான் சொல்லியாக வேண்டும். இருக்குது என்று சொன்னவன் நான், எடுத்தவனும் நான். மறுநாள் எனக்கு வேலை இருக்காது. குழந்தைக்குப் பால் வாங்குகிற வீடு என் கண்முன் வந்தது. பண்ணைக்காரர் இதோ நகர்ந்துவிடுவார், டீக்கடைக்குப் போவார், அப்போது மெதுவாக எழுந்து முட்டுக்கட்டையை வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாய் ஸ்பேனரை மாட்டி இழுத்தார். வண்டி குலுங்கியது. டிங் என்று முதல் நட்டு தட்டில் விழுந்தது.

பண்ணைக்காரர் நகரவில்லை. மறுபடியும் பாய் இழுத்தார். சக்கரத்துக்கு அடியில் கூழாங்கல் நொறுங்குகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. இரண்டாவது நட்டு விழுந்தது. உள்ளே கைலியும் கணுக்காலும் தெரிந்தன. எந்தச் சந்தேகமும் இல்லாமல் ஒரு கணுக்காலை மற்றொன்றின் மேல் போட்டிருந்தார். என் கால்களை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு வந்தது. அந்தக் கால்கள் என்னுடையவை என்றே எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது நட்டு விழுந்தது. சக்கரம் ஒரு விரல்கடை முன்னால் வந்து நின்றது.

காலை இழுத்துக்கொண்டேன்.

பாய் கேள்வி கேட்கவில்லை. அப்படியே உருண்டு வெளியே வந்தார். "என்னய்யா, அதுக்குள்ள என்னா?" என்று பண்ணைக்காரர் எரிந்து விழுந்தார். முன்கதவைத் திறந்து உள்ளே கிடந்த தன் துண்டை எடுத்துக்கொண்டு கதவைப் படாரென்று சாத்தினார். வண்டி ரோட்டைப் பார்த்து ஒரு முழம் நகர்ந்தது. புளியங்கட்டைகள் இரண்டும் சாய்ந்தன. பாய் படுத்திருந்த இடத்தில் வண்டியின் பின்பாதி விழுந்தது. தரை அதிர்ந்தது. தகரத்திலிருந்து தூசி கொட்டி எங்கள் மேலெல்லாம் படிந்தது.

பண்ணைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார். பாய் பலகையில் இருந்த முட்டுக்கட்டைகளைப் பார்த்தார். அவற்றின் பொட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்பத் தம்பி பாத்தே?"

"இப்பத்தான் பாய். பாத்த ஒடனே இழுத்துட்டேன்."

அவர் எழுந்து வந்து என் இரண்டு பாதங்களையும் கையால் தொட்டார். என்னைவிட இருபது வயது பெரியவர். நான் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

என் வேலை போகவில்லை. பண்ணைக்காரர் அந்த நாளைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை. பாய்தான் பேசினார். வருகிற டிரைவர்களிடமெல்லாம் பேசினார். நட்டுகளோடு சேர்ந்து நசுங்கிய எனாமல் தட்டைக் கல்தூணில் கம்பியால் கட்டி மாட்டியிருந்தார். "உள்ள பாரு, மூணே மூணு நட்டு. நாலாவது கழட்டறதுக்குள்ள பாத்துட்டான் இவன். இன்னொருத்தனா இருந்தா நான் போயிருப்பேன்," என்பார். நான் சிரித்துக்கொண்டே நிற்பேன். வேறென்ன செய்வது?

அதற்குப் பிறகு அவர் பயம் இரண்டு மடங்கானது. முட்டுக்கட்டைகளில் துளை போட்டுச் சணல் கயிறு கோத்து, அதன் நுனியைத் தன் கணுக்காலில் கட்டிக்கொண்டுதான் எந்த வண்டிக்கு அடியிலும் போனார். யாராவது கட்டையைத் தொட்டால் அவர் காலுக்குத் தெரிந்துவிடும். செருப்பு, காலு என்ற பழைய விளக்கமெல்லாம் குறைந்துபோயிற்று.

என் வண்டிக்கு மட்டும் கயிறு கட்டவில்லை.

"கயிறு பாய்," என்று ஞாபகப்படுத்தினேன்.

"இருக்கறது நீதானே. என்னாத்துக்குக் கயிறு?"

வண்டியை ஆட்டிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார். படுத்தபடி ஏதோ பாட்டு முணுமுணுத்தார். வண்டிக்கு அடியில் அவர் பாடி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. உலகத்தில் எல்லாவற்றுக்கும் பயந்த மனிதர் பயத்தை விட்டது என் பக்கத்தில் மட்டும்தான். அதைப் போல என்னைப் பயமுறுத்திய காரியம் என் ஆயுளில் வேறில்லை. அடுத்த பூஜை வருவதற்குள் பண்ணை வேலையை விட்டுவிட்டு மத்தூர்ச் சந்தைக்கு லாரி ஓட்டப் போய்விட்டேன்.

கடைசியாக நான் அவருடைய ஷெட்டில் உட்கார்ந்த நாளில் என் கால்கள் மரத்துப்போகும் வரை அசையவில்லை. முட்டுக்கட்டையைப் பார்ப்பேன், சக்கரத்தைப் பார்ப்பேன், மறுபடி முட்டுக்கட்டையைப் பார்ப்பேன். உள்ளே பாட்டு நிற்கவில்லை. புதுத் தட்டில் முதல் நட்டு விழுந்தது. அன்றைக்கு முதல் நட்டு விழுவதற்கு முன்பே பார்த்தேன் பாய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டாவது விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது.